தேசியக் கொடியைக் கையால் வரைதல்: அளவும் வரைமுறையும்

இந்தியத் தேசியக் கொடியை வரைவது எளிது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மூன்று பட்டைகள், நடுவே ஒரு சக்கரம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய வடிவம் என்பதால், தொடக்கப்பள்ளிக் குழந்தை முதல் ஊராட்சி அலுவலகச் சுவரில் வண்ணம் தீட்டுபவர் வரை பெரும்பாலோர் அதை நினைவிலிருந்தே வரைகிறார்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாள்களை ஒட்டித் தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளின் கரும்பலகைகளிலும் சார்ட் அட்டைகளிலும் சுற்றுச்சுவர்களிலும் தோன்றும் கொடிகளைக் கூர்ந்து நோக்கினால், தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் காணப்படும் அதே பிழைகள் இங்கும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சக்கரம் வெள்ளைப் பட்டையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொட்டு நிற்கும். ஆரக்கால்கள் எட்டாகவோ பன்னிரண்டாகவோ குறைந்திருக்கும். தாளை நிரப்பும் ஆர்வத்தில் கொடியின் நீளம் அகலத்தைப் போல் இருமடங்காகிவிடும். சக்கரத்தின் நிறம் வான்நீலமாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். வெவ்வேறு ஊர்களில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே பிழையைச் செய்யும்போது அதைக் கைத்திறனின் குறையாகக் கருத இயலாது. கொடிக்கு எழுதப்பட்ட அளவுகள் உள்ளன. அவை வரைபவர்களின் கைக்கு வந்து சேரவில்லை என்பதே உண்மையான காரணம்.

கொடியின் வடிவத்தை வரையறுக்கும் ஆவணங்கள் மூன்று. முதலாவது, 1947 ஜூலை 22 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் ஜவாஹர்லால் நேரு முன்மொழிந்து நிறைவேறிய தீர்மானம். ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை ஆகிய மூன்று கிடைப்பட்டைகள் சம அளவில் அமைய வேண்டும், வெள்ளைப் பட்டையின் நடுவில் கருநீலச் சக்கரம் இருக்க வேண்டும், அது சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூண் தலைப்பில் செதுக்கப்பட்ட சக்கரத்தின் வடிவை ஒத்திருக்க வேண்டும், அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 2:3 ஆக இருக்க வேண்டும் என்று அது கூறியது. இரண்டாவது, இன்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் எனப்படும் நிறுவனம் 1951இல் வெளியிட்டு, மெட்ரிக் அளவுக்கேற்ப 1964இலும் பின்னர் 1968இலும் திருத்திய ‘ஐ.எஸ். 1’ என்னும் தர விவரக் குறிப்பு. நாட்டின் தர ஆவண வரிசையில் முதல் எண் கொடிக்கே வழங்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்பு. தீர்மானம் வடிவத்தைச் சொல்கிறது, தரக் குறிப்பு அளவைச் சொல்கிறது, சட்டத் தொகுப்பு பயன்பாட்டைச் சொல்கிறது. கையால் வரைபவருக்கு மிகவும் வேண்டியது இரண்டாவது. பள்ளிகளில் மிகக் குறைவாக அறியப்பட்டிருப்பதும் அதுவே.

இந்த அளவுகள் எழுதப்படுவதற்கு முன்னும் கொடி கையால் வரையப்பட்டே வந்தது. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப முயன்றதும், 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டியதும், ஆலயம் முற்றுப்பெறும் முன்னரே 1925 ஜூலை 23 அன்று சிவா அவ்வூரிலேயே மறைந்ததும் மாவட்டத்தார் நன்கறிந்த வரலாறு. அந்த ஆண்டுகளில் தேசியக் கொடி என்று காங்கிரஸ் தொண்டர்கள் ஏந்தியது இன்றைய கொடி அன்று. ஆந்திரத்தைச் சேர்ந்த பிங்கலி வெங்கையா 1921இல் பெஜவாடாவில் காந்தியடிகளிடம் அளித்த வடிவத்திலிருந்து உருவான அக்கொடியில் மேலே வெள்ளை, நடுவே பச்சை, கீழே சிவப்பு என்னும் பட்டைகளும், மூன்று பட்டைகளையும் தழுவிய ஒரு கைராட்டையும் இருந்தன. 1931இல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்னும் இன்றைய வரிசையை ஏற்று, ராட்டையை வெள்ளைப் பட்டைக்குள் அடக்கியது. 1932 ஜனவரியில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டிய ஆர்யா என்கிற பாஷ்யம், பாரதியாரின் முண்டாசு உருவத்தைத் தீட்டிய ஓவியர். அன்று அவர் கட்டிய கொடியும் வேட்டியில் அவரே வண்ணம் தீட்டியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அத்தகைய கொடிகளிடம் மில்லிமீட்டர் கணக்கை எவரும் கேட்டிருக்க முடியாது. ராட்டையின் சக்கரம் எத்தனை பெரிது, நூல் சுற்றும் கதிர் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அன்று வரைபவரின் கையைப் பொறுத்தே அமைந்தன.

ராட்டை மாறிச் சக்கரம் வந்ததற்கான காரணங்களுள் ஒன்று வரைதலோடு நேரடியாகத் தொடர்புடையது என்பது போதிய கவனம் பெறாத செய்தி. ராட்டை இருபுறமும் ஒத்த வடிவமன்று. ஒரு பக்கம் சக்கரமும் மறுபக்கம் கதிரும் கொண்டது. கொடியின் ஒரு முகத்தில் அதைச் சரியாக வரைந்தால் மறுமுகத்தில் அது திரும்பித் தெரியும். கொடிக்கம்பத்தை நோக்கி இருக்க வேண்டிய சக்கரம் அந்த முகத்தில் கம்பத்துக்கு எதிர்ப்புறம் போய்விடும். தீர்மானத்தை முன்மொழிந்த உரையில் நேரு இந்த நடைமுறை இடரை வெளிப்படையாகவே குறிப்பிட்டார். அசோகச் சக்கரத்துக்கு இந்த இடர் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது மாறாது. சக்கரம் இரு முகங்களிலும் முழுமையாகத் தெரிய வேண்டும் என்று கொடிச் சட்டத் தொகுப்பு விதிக்க முடிவதும் இதனாலேயே. வரைய முடியுமா, இருபுறமும் ஒத்து வருமா என்னும் கேள்வி நாட்டின் கொடியை வடிவமைத்தவர்களின் முன் இருந்தது; அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையே இன்று வரைபவருக்கு வாய்த்த வசதி.

அளவுகளுக்கு வருவோம். தரக் குறிப்பு ஒன்பது அளவுகளை வகுத்துள்ளது. மிகப் பெரியது 6300 × 4200 மி.மீ.; மிகச் சிறியது 150 × 100 மி.மீ. ஒவ்வோர் அளவுக்கும் சக்கரத்தின் விட்டம் தனியே தரப்பட்டுள்ளது. 6300 × 4200 கொடிக்கு விட்டம் 1295. 3600 × 2400க்கு 740. 2700 × 1800க்கு 555. 1800 × 1200க்கு 370. 1350 × 900க்கு 280. 900 × 600க்கு 185. 450 × 300க்கு 90. 225 × 150க்கு 40. 150 × 100க்கு 25. இந்த எண்களை வெள்ளைப் பட்டையின் அகலத்தோடு ஒப்பிட்டால், பெரும்பாலானோர் அறியாத உண்மை ஒன்று வெளிப்படும். பெரிய கொடிகளில் சக்கரம் பட்டையின் அகலத்தில் ஏறத்தாழ 92.5 விழுக்காட்டை நிரப்புகிறது. 450 × 300 அளவில் அது 90 விழுக்காடாகவும், 225 × 150 அளவில் 80 விழுக்காடாகவும், மிகச் சிறிய கொடியில் 75 விழுக்காடாகவும் குறைகிறது. ஆகவே, எந்த அளவிலும் சக்கரம் காவியையோ பச்சையையோ தொடுவதில்லை. மேலும் கீழும் வெண்மையின் ஒரு கீற்று எப்போதும் எஞ்சும். சக்கரத்தின் விட்டம் வெள்ளைப் பட்டையின் அகலத்தை ஒட்டியதாக இருக்கும் என்று 1947 தீர்மானம் பொதுப்படச் சொன்னதைச் சமமாக இருக்கும் என்று கொள்வதிலிருந்துதான் விளிம்பைத் தொடும் சக்கரம் பிறக்கிறது எனலாம்.

பள்ளி மாணவருக்கு ஏற்ற அளவு 225 × 150 மி.மீ. அது ஏ4 தாளைக் கிடையாக வைத்தால் விளிம்புகளுக்கு இடம்விட்டு உள்ளே அடங்குகிறது; மூன்று பட்டைகளும் மீதமின்றி 50 மி.மீ. ஆகப் பிரிகின்றன, சக்கரத்தின் ஆரம், அதாவது மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தொலைவு, சரியாக 20 மி.மீ.; சக்கரத்துக்கு மேலும் கீழும் 5 மி.மீ. வெண்மை நிற்கும். 150 × 100 அளவைத் தேர்ந்தால் பட்டையின் அகலம் 33.3 மி.மீ. ஆகி அளவுகோலில் பிடிபடாது. சார்ட் அட்டைக்கு 450 × 300 பொருந்தும். இந்த நான்கு எண்களை, 225, 150, 50, 20 என்று, ஓவிய ஆசிரியர் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்தாலே வகுப்பின் பாதிப் பிழைகள் மறையும்.

செவ்வகத்தை வரைந்ததும் இரு மூலைவிட்டங்களையும், அதாவது எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடுகளையும், பென்சிலால் மெல்லக் கீற வேண்டும். அவை வெட்டும் புள்ளியே சக்கரத்தின் மையம். இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளமாக இருந்தால் செவ்வகம் கோணலின்றி அமைந்தது என்பதும் அப்போதே உறுதியாகும். 225 × 150 அளவில் அந்த நீளம் 270 மி.மீ. அளவில் வரும்.

கொடியின் உயிர்நிலை சக்கரத்தில் உள்ளது. பிழைகள் மிகுவதும் அங்கேயே. சக்கரத்தில் இருக்க வேண்டிய ஆரக்கால்கள் 24; எனவே அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 15 பாகை. கோணமானியை வைத்து ஒவ்வொரு கோட்டிலிருந்தும் அடுத்த 15 பாகையை அளந்து செல்வதே மாணவர் வழக்கம். ஒவ்வொரு முறையும் அரைப் பாகை தவறினாலும் சுற்றி முடிக்கும்போது 12 பாகை பிசகி, கடைசி ஆரக்காலுக்கு இடமே இல்லாமல் போகும். கோணமானியை நகர்த்தாமல் ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து 15, 30, 45 என்று குறித்துச் சென்றால் பிழை சேராது. 45 பாகை, 30–60 பாகை மூலைமட்டங்கள் இரண்டையும் சேர்த்து வைத்தும் 15 பாகையின் மடங்குகளைப் பெறலாம். ஆனால், இவற்றைவிடச் சிறந்ததும் கோணமானியே வேண்டாததுமான ஒரு வழி உண்டு. அது கவராயத்தை மட்டுமே நம்புவது.

ஒரு வட்டத்தின் ஆரத்தையே கவராயத்தில் எடுத்து வட்டத்தின் மேல் அடிவைத்துச் சென்றால் ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் என்பது யூக்ளிட் காலத்திலிருந்து அறியப்பட்ட பண்பு. அதன் பயன் இங்கே வியக்கத்தக்கது. 20 மி.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்தபின், மையத்தின் வழியே நிமிர்ந்த கோடு ஒன்றும் கிடைக்கோடு ஒன்றும் கீறி, அவற்றுக்கு இடையிலுள்ள செங்கோணங்களைச் சமமாகப் பிரிக்கும் இரண்டு கோடுகளையும் கீறினால் வட்டத்தின் மேல் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். கவராயத்தின் விரிப்பை மாற்றாமல், அந்த எட்டுப் புள்ளிகளில் ஒவ்வொன்றிலும் ஊசியை ஊன்றி இருபுறமும் வட்டத்தை வெட்டினால், ஒவ்வொரு புள்ளியும் தன்னிலிருந்து 60 பாகை தள்ளி இரண்டு புதுப் புள்ளிகளைத் தரும். எட்டும் பதினாறும் சேர்ந்து இருபத்துநான்கு. ஒன்றின்மேல் ஒன்று விழாமல், சம இடைவெளியில், வட்டம் முழுவதும் நிரம்பும். பிழை நேர்ந்திருந்தால் ஏதேனும் ஓர் இடைவெளி அகன்று தெரிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஏழாகவோ பதினொன்றாகவோ வட்டத்தைப் பிரிக்க அளவுகோலாலும் கவராயத்தாலும் இயலாது. இருபத்துநான்கு அவற்றுக்கு வசப்படும் எண். சாரநாத்துச் சிற்பிகள் எந்த முறையில் சக்கரத்தைப் பிரித்தார்கள் என்பது வேறு ஆய்வு. இன்றைய மாணவரின் வடிவியல் பெட்டியில் இருக்கும் கருவியே அதற்குப் போதும் என்பது இங்கே முக்கியம்.

ஆரக்கால்களின் வடிவமும் ஒரு தனிச் செய்தி. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குரிய சொற்களையே இங்கும் பயன்படுத்தினால், நடுவில் இருப்பது குடம், வெளி வளையம் வட்டை, இரண்டையும் இணைப்பது ஆரக்கால். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் ஏறக்குறைய ஒரே பருமனில் நீளும். கொடியில் உள்ளதோ குடத்திலிருந்து குறுகித் தொடங்கி, பாதி வழிக்கு முன்னரே சற்று விரிந்து, வட்டையை நெருங்கும்போது கூர்ந்து முடியும். வட்டையின் உள்விளிம்பில் ஒவ்வோர் இரண்டு ஆரக்கால்களுக்கும் நடுவே ஒரு சிறு குமிழ் உண்டு, அவையும் 24. ஆரக்கால்களில் ஒன்று நேர் மேலே நிற்க வேண்டும். 20 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் வட்டையின் பருமன் ஏறத்தாழ 2.5 மி.மீ., குடத்தின் ஆரம் ஏறத்தாழ 3.5 மி.மீ. என்று கொண்டால் அச்சிட்ட கொடியின் தோற்றம் கிட்டும். அந்தக் குடத்தைச் சுற்றியுள்ள நீளம் 22 மி.மீ. மட்டுமே. அதில் 24 ஆரக்கால்கள் தொடங்க வேண்டும் என்றால் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பந்துமுனைப் பேனாவால் மையத்திலிருந்து வெளிநோக்கிக் கோடிழுக்கும்போது சக்கரத்தின் நடு நீலக் கறையாகிவிடுவது இந்தக் கணக்கின் விளைவு. வட்டையிலிருந்து உள்நோக்கி இழுத்து, குடத்தைத் தொடும் முன் கையைத் தளர்த்தினால் கறை படியாது. குமிழ்களைக் கடைசியில் வைப்பது நலம்.

இந்த இடத்தில் பிற நாடுகளின் கொடிகளை நோக்குவது பயன் தரும். 1999ஆம் ஆண்டின் ஜப்பானியச் சட்டம் சிவப்பு வட்டத்தின் விட்டம் கொடியின் அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்று கூறிவிட்டது. அளவுகோலும் கவராயமும் போதும். வங்கதேசக் கொடியின் வட்டம் நடுவில் இருப்பதாகத் தோன்றினாலும், அதன் மையம் நீளத்தின் இருபதில் ஒன்பது பங்கில், கம்பத்தின் பக்கம் சற்றுத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. அதை அறியாதவர் சரியாக வரைய இயலாது. நேபாளம் ஒருபடி மேலே சென்று, தன் இரட்டை முக்கோணக் கொடியை வரையும் முறையை இருபதுக்கும் மேற்பட்ட வடிவியல் படிகளாக அரசமைப்புச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறது. இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது இலங்கைக் கொடி. அதன் வாளேந்திய சிங்கமும் நான்கு மூலைகளிலுள்ள அரசிலைகளும் எந்தக் கவராயத்துக்கும் அடங்காதவை. தமிழர்களைக் குறிக்கும் செம்மஞ்சள் பட்டையையும் முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைப் பட்டையையும் எளிதாக வரையும் மாணவர், சிங்கத்துக்கு வரும்போது படியெடுப்பதைத் தவிர வேறு வழியின்றி நிற்பார். இந்தியக் கொடி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சக்கரம் நுட்பமானது, ஆயினும் விதியறிந்தவருக்கு முழுவதும் வசப்படுவது. நேபாளம் செய்ததைப் போல வரையும் படிகளை எளிய மொழியில் எழுதிப் பாடநூலில் சேர்த்தல் இங்கும் செய்யத்தக்கது. வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்கும் செய்முறை வடிவியலுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நிறத்தைப் பொறுத்தவரை கைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தரக் குறிப்பு நிறங்களைப் பெயரால் மட்டும் சொல்லவில்லை. கருவிகொண்டு அளக்கத்தக்க எண்களாகவும் தருகிறது. அவற்றுள் ஒளிர்வைக் குறிக்கும் எண் வெள்ளைக்கு 72.6 விழுக்காடு, காவிக்கு 21.5, பச்சைக்கு 8.9. வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் போன்ற இடங்களில் துணியில் கொடி தயாரிப்பவர்கள் சாயத்தால் எட்ட முயலும் இந்த எண்களை மெழுகு வண்ணக்கோலால் எட்டுவது இயலாது. ஆனால், எண்களுக்கு இடையிலுள்ள உறவைக் காப்பாற்றலாம். பச்சை காவியைவிட மிகவும் இருண்டது. கிளிப்பச்சையைத் தீட்டினால் இந்த உறவு தலைகீழாகிவிடும். வரைந்த கொடியைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்தால், மேல் பட்டை நடுத்தரச் சாம்பலாகவும் கீழ்ப் பட்டை அதைவிடத் தெளிவாகக் கருத்தும் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் பச்சையில் கருமை போதவில்லை என்று பொருள். பட்டைகளைப் பிரிக்கும் கறுப்புக் கோடு கொடியில் இல்லை; பென்சில் கோட்டை வண்ணம் தீட்டுமுன் அழிப்பானால் மங்கச் செய்ய வேண்டும்.

காற்றில் அசையும் கொடியை வரைவோர் வேறொரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். துணி வளைந்தாலும், கொடியை எந்த இடத்தில் மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தாலும் மூன்று பட்டைகளும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும்; சக்கரம் மடிப்போடு சேர்ந்து நீள்வட்டமாகும். வளைந்த கொடியின் மேல் முழு வட்டச் சக்கரத்தை ஒட்டவைத்தாற்போல் வரைவதே வழக்கமாகிவிட்டதால், பயிற்சியில்லாதவர்கள் விரிந்த கொடியையே வரைவது மேல். கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டாற்போல் வரையும்போது, பார்ப்பவரின் இடப்பக்கம் காவி வர வேண்டும் என்பது கொடிச் சட்டத் தொகுப்பின் விதி.

தாளில் வரைந்ததும் கொடிதானா என்னும் கேள்விக்குச் சட்டம் தெளிவான விடை தருகிறது. 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம், எந்தப் பொருளின் மேல் அமைந்தாலும் கொடியின் ஓவியமும் படமும் அதன் பகுதிகளும்கூட ‘இந்தியத் தேசியக் கொடி’ என்னும் சொல்லுக்குள் அடங்கும் என்று விளக்குகிறது. கொடியின் மேல் எதையும் எழுதுவது அச்சட்டப்படி அவமதிப்பு. ஆகவே, சுதந்திர தின வாழ்த்தை வெள்ளைப் பட்டையில் எழுதும் வழக்கத்தை ஆசிரியர்கள் கனிவோடு திருத்தி, வாழ்த்தைக் கொடிக்கு வெளியே எழுதச் சொல்ல வேண்டும். மிதிபடும் தரையில் சக்கரத்தோடு கூடிய முழுக் கொடியைக் கோலமாக இடுவதையும் தவிர்த்தல் தகும். அதே வேளையில், ஆரக்கால் குறைந்த கொடியை வரைந்த குழந்தை எவரையும் அவமதிக்கவில்லை. மூவர்ணமும் சக்கரமும் தீட்டிய கேக்கை வெட்டியது தொடர்பான கோயம்புத்தூர் வழக்கில் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், அது இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்று கூறியதில், செயலின் பின்னுள்ள மனநிலைக்கு உரிய எடை கிடைத்தது. பிழையான கொடிக்குத் தண்டனையன்று, அளவே தீர்வு. ஓவியப் போட்டிகளின் நடுவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். வண்ணப் பொலிவுக்கு முழு மதிப்பெண்ணும் விகிதத்துக்கு எதுவும் இல்லை என்னும் நிலை நீடிக்கும்வரை மாணவர் அளவைத் தேடமாட்டார்.

சுவர் ஓவியத்துக்குத் தாளின் முறையே பொருந்தும். கருவிகள் மட்டும் மாறும். 1800 × 1200 மி.மீ. அளவில் பட்டை ஒவ்வொன்றும் 400, சக்கரத்தின் ஆரம் 185. நீலப்பொடி தடவிய நூலை இரு முனைகளிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் பட்டையின் கோடு நேராக விழும். மூலைவிட்டங்கள் இரண்டும் 2163 மி.மீ. அளவில் ஒத்து வந்தால் செவ்வகம் சரி. வட்டத்துக்கு ஆணியில் கட்டிய நூலைப் பயன்படுத்தினால் நூல் இழுபட்டு வட்டம் கோணும். ஒரு ரீப்பர் கட்டையில் 185 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடித்து, ஒன்றை மையத்தில் ஊன்றி மற்றதைச் சுற்றினால் அதுவே கவராயம்; அதே இடைவெளியால் முன் சொன்ன எட்டுப் புள்ளிகளிலிருந்து இருபத்துநான்கையும் குறிக்கலாம். ஆரக்காலுக்கு அட்டையில் ஓர் அச்சு வெட்டி 24 இடங்களிலும் வைத்துத் தீட்டுவது குறுக்குவழி ஆகாது. துணிக்கொடியில் சக்கரத்தை அச்சுத்தகட்டால் பதிப்பதைச் சட்டத் தொகுப்பே ஏற்கிறது. ஆண்டுதோறும் பழைய கோடுகளின் மேலேயே புதுவண்ணம் பூசுவதால் ஒருமுறை நேர்ந்த பிழை பல ஆண்டுகள் சுவரில் தங்கிவிடுகிறது. சுண்ணாம்பு அடிக்கும்போதே பழைய சக்கரத்தை முழுவதும் மறைத்து, மூலைவிட்டம் கீறி மையத்தைப் புதிதாகக் கண்டபின் தூரிகையை எடுப்பதே முறை.